பெருந்தொற்று காலத்து உளவியல் ஆய்வுகள்: எதை நம்புவது, எதைத் தள்ளுவது? ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஜூனில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்கர்களில் நூற்றுக்கு நான்கு பேர் கொரோனாவுக்குப் பயந்து பிளீச்சிங் கரைசலைக் குடித்தார்கள் அல்லது அதில் வாய் கொப்பளித்தார்கள் என்று. சொன்னது யாரோ முகம் தெரியாத ஆள் இல்லை, அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே தன் வார அறிக்கையில் போட்டது. மே 4 அன்று 502 பேரிடம் இணையம் வழியாக எடுத்த கருத்துக்கணிப்பு. "மனுஷன் எந்த அளவுக்குப் போவான் பாருங்கள்" என்று அதை நாலு பேருக்கு அனுப்பி வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு வேறொரு குழு அதே மாதிரிக் கேள்விகளை மறுபடி கேட்டது, ஆனால் நடுநடுவே பொறிக் கேள்விகளையும் வைத்தது. படிக்காமலே ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டு போகிறவர்களையும் வேண்டுமென்றே விளையாடுகிறவர்களையும் பிடிப்பதற்கான கேள்விகள். கிருமிநாசினி உள்ளே போனதாகச் சொன்னவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேர் அந்தப் பொறியில் சிக்கியவர்கள். இரும்புச்சத்துக்காகக் கான்கிரீட் சாப்பிடுவதாகவும், உயிரைப் பறித்த மாரடைப்பு தங்களுக்கு வந்ததாகவும்கூட இந்த வகை ஆட்கள் 'ஆம்' போட்டிருந்தார்கள். அதாவது செத்தவர் வந்து கருத்துக்கணிப்பில் கலந்துகொண்டிருக்கிறார். இவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, குடித்ததற்கு ஆதாரம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

இது எப்படி நடக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 502 பேரில் 4 சதவீதம் என்றால் சுமார் 20 பேர். அதே 502 பேரில் இருபதில் ஒருவர் கண்டபடி தட்டுகிறவர் என்று வையுங்கள், 25 பேர் ஆகிவிட்டது. அவர்கள் காசு சுண்டிப் போட்ட மாதிரி ஆம், இல்லை என்று பதில் சொன்னால் 12 'ஆம்' சும்மாவே வந்து விழும். கை கழுவுகிறீர்களா என்று கேட்கும்போது இந்த 12 பேரால் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அங்கே நானூறு, நானூற்றைம்பது பேர் உண்மையிலேயே ஆம் சொல்வார்கள். ஆயிரத்தில் ஒருவர்கூடச் செய்யாத ஒன்றைக் கேட்கும்போது இந்தக் குப்பைதான் முழு விடையுமே.

பெருந்தொற்று காலத்தில் மனித நடத்தை பற்றி வந்த ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, இன்றைக்கும் அவற்றை மேற்கோள் காட்டித்தான் கட்டுரைகள், பேச்சுகள், அரசுத் திட்டங்கள் எல்லாம் வருகின்றன. அவற்றில் ஒன்று உங்கள் கையில் வந்தால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை நான் செய்கிற வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஓர் அரைமணி நேரமும் கொஞ்சம் சந்தேக புத்தியும் போதும்.

முதலில், செய்தியை மூடிவிட்டுக் கட்டுரையைத் திறங்கள்

செய்தியில் 'ஆய்வு சொல்கிறது' என்று இருக்கும். எந்த ஆய்வு என்று தேடி மூலக் கட்டுரைக்கே போய்விடுங்கள், பெருந்தொற்று பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னுரையைத் தாண்டிவிடலாம், முடிவுரையையும் இப்போதைக்கு விட்டுவிடலாம், இரண்டிலும் எழுதியவர் தன் சரக்கைத்தான் விற்பார். செய்முறைப் பகுதியும் முதல் அட்டவணையும்தான் வேண்டும். சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட பிரீபிரிண்ட்டா, ஆய்விதழில் வெளிவந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரீபிரிண்ட் என்பதற்காகத் தள்ள வேண்டாம், இதழில் வந்துவிட்டது என்பதற்காக நம்பவும் வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

படி 1: செய்ததை அளந்தார்களா, சொன்னதை அளந்தார்களா?

இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டால்கூடப் பாதிக்கு மேல் வடிகட்டிவிடலாம் என்பது என் அனுபவம். அதனால் இதில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவோம்.

கென்யாவின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. வெளியே போகும்போது முகக்கவசம் போடுகிறீர்களா என்று தொலைபேசியில் கேட்டால் 88 சதவீதம் பேர் போடுவதாகச் சொன்னார்கள். அதே பகுதியில் பொது இடங்களில் ஆள் நின்று எண்ணிப் பார்த்தால் 10 சதவீதம் பேர் முகத்தில்தான் இருந்தது. 88 எங்கே, 10 எங்கே! தொலைபேசியில் பேசியவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி போட்டாக வேண்டும் என்று இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால் யார்தான் 'போடுவதில்லை' என்பார்கள்? நாம் எல்லோரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம்.

இந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் தளர்த்தவும் ஆய்வாளர்கள் ஒரு வழி பார்த்தார்கள். 12 நாடுகளில் நடந்த சோதனையில் பாதிப் பேரிடம் கேள்வியை நேராகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் 'சூழ்நிலை காரணமாகச் சிலரால் விதிகளைக் கடைப்பிடிக்க முடியாமல் போயிருக்கலாம்' என்ற மாதிரி ஒரு முன்னுரை போட்டு, பதில்களிலும் தப்பித்துக்கொள்ள ஓர் இடுக்கு விட்டுக் கேட்டார்கள். இரண்டாவது குழுவில் விதியை மீறினேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் கூடுதல். கேட்கும் தொனி மாறினால் நடத்தையின் புள்ளிவிவரமே மாறுகிறது, அப்படியானால் நாம் அளப்பது நடத்தையையா கூச்சத்தையா?

இதற்கும் ஒரு படி கீழே இருப்பது 'செய்வேன்' என்ற எண்ணத்தை அளப்பது. இந்தச் செய்தியைப் படித்தபின் தடுப்பூசி போட்டுக்கொள்ள எவ்வளவு விருப்பம், 1 முதல் 7 வரை சொல்லுங்கள் என்கிற வகை. 2021 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு தன் நோயாளிகளுக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பிப் பெரிய சோதனை ஒன்றை நடத்தியது. தடுப்பூசி 'உங்களுக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது' என்ற தொனியில் எழுதிய செய்தி நன்றாக வேலை செய்தது. கூடவே அனுப்பிய விளக்க வீடியோ கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. இதே சங்கதிகளை இணையத்தில் காட்டி 'போட்டுக்கொள்வீர்களா' என்று மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டபோது வந்த படம், உண்மையில் ஊசி போட்டவர்களின் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. வாயால் சொன்னதை மட்டும் வைத்துத் திட்டம் போட்டிருந்தால் தப்பான செய்தியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

ஆக, செய்முறைப் பகுதியில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு விஷயம்: எண் எங்கிருந்து வந்தது? மருத்துவப் பதிவேடா, நேரில் எண்ணியதா, கேட்டு எழுதியதா, அல்லது வெறும் விருப்பமா? இதே வரிசையில்தான் நம்பிக்கையும் குறைந்துகொண்டே வர வேண்டும்.

படி 2: யாரிடம் கேட்டார்கள்? எத்தனை பேர் என்று பார்த்து மயங்க வேண்டாம்

பெரிய எண்ணைப் பார்த்தால் நமக்கு மரியாதை வந்துவிடும். 2021 வசந்த காலத்தில் அமெரிக்காவில் எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று மூன்று கருத்துக்கணிப்புகள் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. ஃபேஸ்புக் வழியாக ஒரு பல்கலைக்கழகக் குழு நடத்தியதில் வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேர் பதில் சொன்னார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்தியதில் இரண்டு வாரத்துக்குச் சுமார் 75,000 பேர். மூன்றாவது, ஆக்ஸியோஸ் செய்தித் தளமும் இப்ஸோஸ் கணிப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது, வெறும் ஆயிரம் பேர். மே மாத வாக்கில் முதலாவது உண்மை நிலவரத்தைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது, இரண்டாவது 14 புள்ளிகள் கூடுதல். ஆயிரம் பேரிடம் கேட்டதுதான் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

ஏன்? அந்தச் சின்னக் கணிப்பு ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் பாடுபட்டது, இணைய வசதி இல்லாதவர்களுக்குக் கருவியே கொடுத்தது. பெரியவற்றில் யார் பதில் சொல்ல முன்வருகிறார்களோ அவர்களே மாதிரி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்தான் அதைப் பற்றிய கணிப்பில் ஆர்வமாகக் கலந்துகொள்வார் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. உப்புக் குறைந்த சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாலும் ஒரு வாளி குடித்தாலும் அதே ருசிதான், ஆனால் எடுக்கும் முன் கிளறியிருக்க வேண்டும். இந்தப் பெரிய கணிப்புகள் கிளறாமல் வாளி வாளியாக மேலாக மொண்டவை. எண் பெரிதாகப் பெரிதாகத் தப்பான விடையின் மேல் நம்பிக்கைதான் ஏறும்.

படி 3: எதோடு ஒப்பிட்டார்கள்?

2021 மே 12 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் ஓர் அறிவிப்பு செய்தது: தடுப்பூசி போட்டவர்களுக்குக் குலுக்கல், வாரத்துக்கு ஒருவருக்கு 10 லட்சம் டாலர், ஐந்து வாரம். அறிவிப்புக்குப் பின் ஊசி போடுகிறவர்கள் எண்ணிக்கை ஏறியது, பத்திரிகைகள் கொண்டாடின, மற்ற மாநிலங்களும் குலுக்கலில் இறங்கின. பரிசுக்கு மனிதன் மயங்குவான் என்று யாருக்குத்தான் தோன்றாது!

ஆனால் அதே வாரத்தில்தான் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடலாம் என்று அனுமதி வந்தது. அந்தக் கூட்டமும் அதே நாட்களில் வந்து நின்றால் ஏறாமல் என்ன செய்யும்? குலுக்கல் இல்லாத மற்ற மாநிலங்களோடு பக்கத்தில் வைத்து, பெரியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது குலுக்கலால் ஏற்றம் வந்ததாகக் காட்ட முடியவில்லை. 'முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு' என்று மட்டும் சொல்லும் எந்த ஆய்விலும் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: அதே நேரத்தில் வேறென்ன நடந்தது?

இதற்கு நேர் எதிரே ஸ்வீடன் ஆய்வை வையுங்கள். யாருக்குப் பணம், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்வீடன் நாணயத்தில் 200 குரோனா தருவதாகச் சொன்னார்கள், போட்டார்களா இல்லையா என்பதை அரசுப் பதிவேட்டில் பார்த்தார்கள். 4.2 சதவீதப் புள்ளிகள் கூடின. கோடீஸ்வரக் கனவு காட்டியபோது தெரியாத பலன் கையில் கிடைக்கும் சின்னத் தொகையில் தெரிந்திருக்கிறது. நாடு வேறு, நேரம் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட்டுவிட முடியாதுதான், ஆனால் எந்த ஆய்வின் மேல் எடை வைப்பது என்பதில் சந்தேகமில்லை.

மனநலம் பற்றி வந்த ஆய்வுகளில் இந்தக் கோளாறு இன்னும் மோசம். 2020 ஏப்ரலில் ஒரு படிவம் தயாரித்து இணையத்தில் விட்டு, 'மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு' என்று எழுதிய கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. அதே ஆட்களிடம் 2019-இல் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. தொற்றுக்கு முன்பும் அதே ஆட்களை அளந்திருந்த ஆய்வுகளை மட்டும் பொறுக்கி எடுத்து 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது, 137 ஆய்வுகள். பொதுமக்களின் ஒட்டுமொத்த மனநலத்திலும் பதற்றத்திலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை, மனச்சோர்வு மட்டும் மிகச் சிறிதளவு கூடியிருந்தது, பெண்களிடம் பாதிப்பு சற்று அதிகம். ஆள் போனவர்களின் வீட்டில், வேலை போனவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்பதை இந்தச் சராசரி மறைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் 'உலகமே மனம் உடைந்தது' என்ற வாக்கியத்துக்கு இந்தத் தரவு இடம் கொடுக்கவில்லை.

படி 4: இருக்கிறது சரி, எவ்வளவு இருக்கிறது?

டாய்லெட் பேப்பர் வாங்கிக் குவித்தவர்கள் எப்படிப்பட்ட குணம் உள்ளவர்கள் என்று ஓர் ஆய்வு வந்தது, 35 நாடுகளில் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒழுங்கு, திட்டமிடல் குணம் உள்ளவர்களும், கொரோனாவைப் பெரிய அபாயமாகப் பார்த்தவர்களும் அதிகம் சேர்த்தார்கள் என்பது தலைப்புச் செய்தி. அவர்கள் அளந்த அத்தனை காரணங்களையும் சேர்த்தாலும் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் 12 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது என்பது உள்ளே. மீதி 88-க்குக் காரணம் வேறெங்கோ. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, தாங்களே சொன்னார்கள். செய்திதான் அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே கவனியுங்கள். நூற்றில் 10 பேர் செய்ததை 12 பேர் செய்தால் '20 சதவீத உயர்வு' என்றும் எழுதலாம், '2 புள்ளி உயர்வு' என்றும் எழுதலாம். செய்தியில் எது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஆய்விதழில் வரும் அளவும் களத்தில் கிடைக்கும் அளவும் ஒன்றில்லை. மக்களைச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தாமல் லேசாகத் தள்ளிவிடுகிற 'நட்ஜ்' உத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளிகள். அமெரிக்க அரசுகளோடு வேலை செய்யும் இரண்டு நட்ஜ் குழுக்கள் நடத்திய எல்லாச் சோதனைகளையும், வெளியானது வெளியாகாதது பார்க்காமல், மொத்தமாக எடுத்தால் 1.4 புள்ளிகள்தான். வித்தியாசத்தில் பெரும்பகுதிக்குக் காரணம், பலன் தெரிந்தது மட்டும் அச்சுக்குப் போகும், தெரியாதது மேசை இழுப்பறையிலேயே தூங்கும் என்பது. 1.4 என்பதும் ஒன்றுமில்லாதது அல்ல, ஒரு குறுஞ்செய்தி செலவில் கிடைக்கிறது என்றால் லாபம்தான். ஆனால் எட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போட்டவர் பாடு திண்டாட்டம்.

படி 5: வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?

உளவியலுக்கு இது பழைய காயம். பெருந்தொற்றுக்கு ஐந்து வருடம் முன்னால், 2015-இல், மூன்று நல்ல ஆய்விதழ்களில் வந்திருந்த 100 ஆய்வுகளை ஒரு பெரிய கூட்டுக் குழு திரும்பச் செய்து பார்த்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. மூலத்தில் 97 சதவீதம் 'பலன் உண்டு' என்று சொன்னவை, இரண்டாம் முறையில் 36 சதவீதம்தான் அப்படிச் சொல்ல முடிந்தது, பலனின் அளவும் சராசரியாகப் பாதியாகிவிட்டது. மனவுறுதி ஒரு தசை மாதிரி, பயன்படுத்தினால் களைத்துப்போகும் என்ற புகழ்பெற்ற கருத்தைக்கூட 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது கிட்டத்தட்டப் பூஜ்யம்தான் வந்தது. ஆய்விதழில் வந்துவிட்டது என்பதே சான்றிதழ் இல்லை என்று மேலே சொன்னது இதனால்தான்.

கொரோனா காலத்திலிருந்து ஓர் உதாரணம். ஒரு செய்தியைப் பகிரும் முன் 'இது உண்மையா' என்று யோசிக்கச் சின்னதாக ஒரு தூண்டுதல் கொடுத்தால் மக்கள் பொய்ச் செய்தி பகிர்வது குறையும் என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது, நிறையப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு வேறொரு குழு அதை அப்படியே திரும்பச் செய்தது. முதல் கட்டமாக 700 பேரிடம் பலன் தெரியவில்லை. முன்பே எழுதி வைத்திருந்த திட்டப்படி மேலும் ஆட்களைச் சேர்த்து 1,583 பேர் ஆனபோது பலன் தெரிந்தது, ஆனால் சின்னதாக. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? என்னைக் கேட்டால் 'இருக்கிறது, முதலில் சொன்ன அளவுக்கு இல்லை' என்பதுதான் நியாயமான வாசகம், திரும்பச் செய்த ஆய்வுகளில் பாதிக்கு இதே வாசகம் பொருந்தும்.

ஆனால் திரும்பச் செய்தபோது வரவில்லை என்றால் முதலாவது பொய் என்றும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலஸ் குறுஞ்செய்தி ஊசி போட்டவர்களை 3.57 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சில மாதம் கழித்து ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதே வகைச் செய்திகளைச் சோதித்தபோது ஒன்றும் அசையவில்லை. முதல் சோதனையில் செய்தி போனது தடுப்பூசி அப்போதுதான் கைக்கு வந்தவர்களுக்கு, அவர்களில் பலர் எப்படியும் போட நினைத்தவர்கள், மறந்துபோகாமல் இருக்க ஒரு தட்டல்தான் தேவைப்பட்டது. இரண்டாம் சோதனை நடந்தபோது ஆர்வமுள்ளவர்கள் எல்லாம் போட்டு முடித்திருந்தார்கள், மிஞ்சியவர்களுக்கு மறதி பிரச்சினையே இல்லை, விருப்பமில்லை. தூங்குகிறவரைத்தான் எழுப்ப முடியும். இரண்டு ஆய்வும் சரியாக இருந்தும் விடை எதிரெதிராக வரலாம், அதனால் ஆய்வின் தேதியைப் பாருங்கள். பெருந்தொற்றில் மூன்று மாதம் என்பது வேறு யுகம்.

படி 6: கேள்வியை முதலில் எழுதினார்களா, விடையைப் பார்த்த பிறகா?

2011-இல் மூன்று ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு கூத்து செய்தார்கள். ஒரு பழைய பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை வருடம் குறைந்துவிட்டது என்று புள்ளியியல்படி 'நிரூபித்தார்கள்'. போலித் தரவு ஒன்றும் இல்லை. நிறைய விஷயங்களை அளப்பது, எப்போது நிறுத்துவது என்பதை இஷ்டம்போல் வைத்துக்கொள்வது, அனுகூலமான ஒப்பீட்டை மட்டும் காட்டுவது, எல்லாம் அன்றைக்குச் சகஜமாக நடந்தவைதான். சுவரில் அம்பு விட்டுவிட்டு, குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்தால் எல்லோரும் அர்ஜுனன்தான்.

இதற்கு மருந்துதான் முன்பதிவு: என்ன கேட்கப் போகிறோம், எத்தனை பேர், எந்தக் கணக்கு, எது முக்கிய விடை என்று தரவு வரும் முன்பே தேதியோடு பொது இடத்தில் எழுதி வைத்துவிடுவது. இன்னும் ஒரு படி மேலே, அந்தத் திட்டத்தைப் பார்த்தே இதழ் ஏற்றுக்கொள்வது, விடை எப்படி வந்தாலும் அச்சிடுவேன் என்று. இந்த இரண்டாம் வகையில் வந்த உளவியல் கட்டுரைகளில் 44 சதவீதம்தான் தங்கள் கருதுகோள் சரி என்றன, வழக்கமான கட்டுரைகளில் அது 96 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தலைப்புச் செய்திகள் மேல் இருந்த மயக்கம் தெளிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கட்டுரையில் முன்பதிவுக்கான இணைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திறந்து, அதன் தேதி தரவு சேகரித்த தேதிக்கு முந்தியதா, அதில் முக்கியம் என்று சொன்னதும் கட்டுரையின் சுருக்கத்தில் முக்கியம் என்று சொல்வதும் ஒன்றா, ஆட்கள் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பதிவு செய்தேன் என்று சொல்லிவிட்டுப் பாதை மாறியவர்களும் உண்டு, இணைப்பைச் சொடுக்கிப் பார்ப்பவர்கள் குறைவு என்ற தைரியம்தான்.

இப்படி ஒழுங்காகச் செய்த ஆய்வு என்ன மாதிரி இருக்கும்? 84 நாடுகளில் 15,929 பேரிடம் ஒரு கூட்டு முயற்சி நடந்தது. 'இதைச் செய்யாவிட்டால் இன்னதை இழப்பீர்கள்' என்று பயமுறுத்திச் சொல்வதா, 'செய்தால் இன்னது கிடைக்கும்' என்று சொல்வதா, எது எடுபடும் என்பது கேள்வி. நடந்துகொள்ளும் எண்ணத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, இழப்பைச் சொன்னது மக்களின் பதற்றத்தை மட்டும் கூட்டியது. சுவாரசியமில்லாத விடை மாதிரித் தெரிகிறது, ஆனால் பயமுறுத்தும் விளம்பரம் எழுதப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைக்காது.

படி 7: ஆய்வு பேசுகிறதா, நிபுணர் பேசுகிறாரா?

2020 மார்ச்சில் பிரிட்டனில், சீக்கிரமே கட்டுப்பாடு போட்டால் மக்கள் சலித்துப்போய்க் கைவிட்டுவிடுவார்கள் என்ற 'நடத்தைச் சோர்வு' கருத்து பெரிதாக அடிபட்டது. அறிவியல் மாதிரி ஒலித்தது, பெயரும் வசதியாக இருந்தது. 600-க்கும் மேற்பட்ட நடத்தை அறிவியலாளர்கள் மார்ச் 16 தேதியிட்ட திறந்த கடிதத்தில், இதற்கு ஆதாரம் எங்கே, காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஒரு கருத்துக்குப் பெயர் சூட்டிவிட்டதாலேயே அது கோட்பாடு ஆகிவிடாது.

நிபுணரின் ஊகம் வேறு, அளந்து பார்த்தது வேறு. சமூக அறிவியலாளர்கள் 86 குழுக்களாகச் சேர்ந்து பெருந்தொற்றின் போது சமூகம் எப்படி மாறும் என்று முன்கூட்டிக் கணித்தார்கள், சராசரியாகப் பார்த்தால் சாதாரணப் புள்ளியியல் சூத்திரத்தைவிட அவர்கள் மேலாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாமே குப்பை என்று மூட்டை கட்டவும் வேண்டாம். 2020 ஏப்ரலில் 42 பேர் சேர்ந்து, அதுவரை தெரிந்த உளவியலிலிருந்து பெருந்தொற்றுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு வேறு சிலர், நாசா தன் கருவிகளை விண்வெளிக்கு அனுப்பும் முன் ஒன்பது படிநிலையில் சோதிப்பதைக் காட்டி, நம் துறையில் அப்படி எதுவும் இல்லை, அவசரப்பட்டுக் கொள்கை வகுக்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். யார் சொன்னது சரி? பின்னால் ஒரு பெரிய குழு 747 கட்டுரைகளைப் புரட்டி, அந்த ஏப்ரல் கட்டுரையின் 19 கருத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. 18-க்கு ஏதோவொரு சான்று கிடைத்தது, அதில் 16 சொன்ன திசையிலேயே இருந்தன, இரண்டில் பலன் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியம்தான், இவ்வளவு தேறும் என்று நினைக்கவில்லை. திசை சரியாக இருப்பதும் அளவு சரியாக இருப்பதும் ஒன்றில்லை என்ற படி 4-ஐ மட்டும் இங்கே நினைவில் வையுங்கள்.

எல்லாப் படியையும் ஒரே ஆய்வில் ஏற்றிப் பார்ப்போம்

பங்களாதேஷில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில் முகக்கவச ஆய்வு நடந்தது, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பெரியவர்களுக்கு மேல். பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்து, ஏன் என்று விளக்கி, போடாதவர்களைத் தெருவில் பார்த்தால் நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களை முன்னால் நிறுத்தினார்கள். மீதிப் பாதியில் எதுவும் செய்யவில்லை.

செய்ததா, சொன்னதா? ஆட்கள் மசூதியிலும் சந்தையிலும் டீக்கடையிலும் சாதாரண உடையில் நின்று எண்ணினார்கள். யாரை? கிராமம் கிராமமாக, வாசலுக்கே போய். எதோடு ஒப்பீடு? எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது குலுக்கலில் முடிவானது. முன்பதிவு உண்டு. எவ்வளவு? 13 சதவீதமாக இருந்தது 42 ஆனது. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய தாவலை நான் அதிகம் பார்த்ததில்லை. கவசம் போட்டால் தைரியம் வந்து நெருங்கி நிற்பார்கள் என்று பயந்தார்களே, அதுவும் நடக்கவில்லை, இடைவெளி விடுவது சற்றுக் கூடவே செய்தது. இன்னொன்று: குறுஞ்செய்தி, உறுதிமொழி, ஊக்கப் பரிசு என்று இதற்கு மேல் அடுக்கிய உளவியல் உத்திகள் கூடுதலாக எதையும் தரவில்லை. வேலை செய்தது நேரில் வந்து நின்ற மனிதர்தான்.

இனி அதே ஆய்வின் இரண்டாவது முடிவுக்கு வாருங்கள். அறிகுறியோடு வந்த தொற்று 9 சதவீதம் சொச்சம் குறைந்தது என்றார்கள். இதற்கு அட்டவணையைத் திறந்தால், ரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்கள் கவச ஊர்களில் 1,086 பேர், மற்ற ஊர்களில் 1,106 பேர். வித்தியாசம் இருபதே பேர். பிறகு 9 சதவீதம் எங்கிருந்து வந்தது? வகுக்கும் எண்ணிலிருந்து: கவச ஊர்களில் ஆய்வில் சேர்ந்தவர்கள் 1,78,322, மற்ற ஊர்களில் 1,63,861. இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டிய இடத்தில் ஏன் இந்த 14,000 பேர் வித்தியாசம் என்று கேட்டு வேறு ஆய்வாளர்கள் தரவைத் திரும்பப் புரட்டினார்கள். எந்த ஊரில் என்ன நடக்கிறது என்பது களப்பணியாளர்களுக்கும் மக்களுக்கும் தெரியும், அதனால் ஓரிடத்தில் கதவைத் தட்டுவதிலும் சம்மதம் வாங்குவதிலும் வேறுபாடு வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். தரவு முழுவதையும் பொதுவில் வைத்திருந்ததால்தான் அவர்களால் அதைக் கேட்கவே முடிந்தது.

ஆக, ஒரே கட்டுரையில் இரண்டு முடிவு. மக்களைக் கவசம் போட வைக்கும் வழி பற்றிச் சொன்னதை நான் தயங்காமல் எடுத்துக்கொள்வேன். நோய் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணை 'விவாதத்தில் இருக்கிறது' என்ற குறிப்போடு ஓரமாக வைப்பேன்.